தெற்கே வாசல் இல்லாத பள்ளி

தூத்துக்குடி
21 நவம்பர் 2024

உமா,

செவ்வாய்க்கிழமை போனில் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் நீ, “என் பிளான்ல குறை சொல்லுதியா?” என்று கேட்டாய். நானும் கோபத்தில் ஏதோ சொன்னேன். நீ வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் குறுக்கே பேச முடியாது.

ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலையில் கிழக்குப் பக்கத்துக் கீழ்த்தள வகுப்புகளில் கணுக்கால் அளவு தண்ணீர். உப்பளமாக இருந்த மண் அல்லவா, மழை என்றால் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கிழக்குப் பிரிவை அன்றைக்கு மட்டும் மேற்குப் பிரிவோடு உட்காரவைக்கலாம் என்று நானே அழைத்துப் போனேன். நடு வடிகாலின் மேல் கிடக்கும் ஒற்றைச் சிமெண்டுப் பலகையில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அதில் கால் வைக்கும்போது சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள், அனுமதி கேட்பதுபோல. மழையால் வந்த பயம் என்று நினைத்தேன்.

மேற்கு வகுப்பில் நுழைந்ததும் கிழக்குப் பிள்ளைகள் சுவரை ஒட்டி நின்றுகொண்டார்கள். பை தோளிலேயே இருக்கிறது. யாரும் உட்காரவில்லை. உள்ளே இருந்தவர்களும் நகர்ந்து இடம் தரவில்லை. முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“மிஸ், இவங்க எந்த ஸ்கூல் பிள்ளைங்க?”

நான் சிரித்தேன் உமா. கேலி செய்கிறாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் நின்ற ஒருத்தி பதில் சொல்லிவிட்டாள்.

“நாங்க கிழக்கு ஸ்கூல்.”

குரலில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. ஊர்ப் பெயர் சொல்வதுபோலச் சொன்னாள். இருவரும் அதே நீலப் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. ஆறு மாதமோ ஒரு வருடமோ அல்ல, பள்ளி திறந்த நாளிலிருந்து இருவரும் இங்கேதான் படிக்கிறார்கள்.

என் கையில் சாக்பீஸ் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மேற்கே வேலவன் காலனி, கடை வைத்திருக்கும் உங்கள் ஆட்கள். அந்தப் பிள்ளைகள் மேற்கு வாசல் வழியே வருகிறார்கள். கிழக்கே சவேரியார் காலனி, கடற்கரைத் தெருவில் இடம் போதாமல் வீடு கட்டி வந்த எங்கள் ஆட்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கிழக்கு வாசல். ஹால் சிறியது என்று சாப்பாடு இரண்டு பந்தி. மைதானத்தின் நடுவில் வடிகால் என்று விளையாட்டு அந்தந்தப் பக்கம். ஆண்டு விழாகூட இடம் போதவில்லை என்று இரண்டு நாள். காலை வணக்கத்துக்கு நான் மாடியில் நடுவில் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். எனக்கு மட்டும்தான் அது ஒரே பள்ளியாகத் தெரிந்திருக்கிறது.

நீ வரைந்த பிளானைக் குறை சொல்லவில்லை. என்ன நடந்தது என்று என்னோடு சேர்ந்து பார்க்கச் சொல்கிறேன்.

பிளாரன்ஸ்


ஓசூர்
28 நவம்பர் 2024

பிளாரன்ஸ்,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு மனைப்பிரிவு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன வரைபடம் என்று இப்போது ஞாபகம் இல்லை.

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதை எழுத வராது.

ஒரு பிள்ளை அசட்டுத்தனமாகக் கேட்ட கேள்வி இது. அதை வைத்துக்கொண்டு நீ ஒரு கட்டடத்தையே கூண்டில் ஏற்றுகிறாய். ஏன் இரண்டு வாசல் வைத்தோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? உங்கள் காலனி ஜெனிலாவைப் புதைத்த மறுநாள்தானே நாம் இருவரும் வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். டவுன் பள்ளிக்குச் சைக்கிளில் போன பிள்ளை. கண்டெய்னர் லாரி ஒன்று பின்னால் வந்த சத்தத்தில் தடுமாறி விழுந்தாள். கேரியரில் உட்கார்ந்திருந்த எங்கள் காலனிப் பெண் கையை ஒடித்துக்கொண்டு பிழைத்தாள். இந்தப் பகுதிக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும், ஒரு பிள்ளைகூட அந்தத் துறைமுகச் சாலையில் கால் வைக்கக் கூடாது என்று நீதான் அழுதுகொண்டே சொன்னாய். அதற்காகத்தான் தெற்கே சாலையைப் பார்த்து வாசலே இல்லாமல் வரைந்தேன். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. எந்தக் காலனியிலிருந்து வந்தாலும் தெரு வழியாகவே உள்ளே வந்துவிடலாம். இரண்டரை வருடமாக ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. அதற்கு நான் வெட்கப்பட வேண்டுமா?

வாசல்தான் நான் வைத்தேன். அதன் வழியே வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று முடிவு செய்தது தலைமையாசிரியரான நீ. குலுக்கிப் போட்டுப் பிரிவு பிரிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதினோம். ஏன் செய்யவில்லை?

இதைப் படித்துவிட்டு நீ கடிதத்தை மேசையில் தூக்கிப் போடுவாய், தெரியும்.

ஆனால் “நாங்க கிழக்கு ஸ்கூல்” என்று அந்தப் பிள்ளை சொன்னாளே, அது நேற்றிலிருந்து காதுக்குள்ளேயே இருக்கிறது. கேட்டது யார், பதில் சொன்னது யார்? இரண்டு பேரையும் பெயர் இல்லாமல் எழுதியிருக்கிறாய். நீ பிள்ளைகளின் பெயரை விட்டு எழுதுகிறவள் இல்லை.

உமா


தூத்துக்குடி
6 டிசம்பர் 2024

உமா,

கடிதத்தைத் தூக்கித்தான் போட்டேன். பிறகு எடுத்துப் படித்தேன்.

கேட்டது உன் அண்ணன் மகள் செல்வி. பதில் சொன்னது ரோச் அண்ணன் மகள் டயானா. செல்வி பெயரை எழுதினால் உனக்கு வலிக்கும் என்று விட்டேன். நீ விடவில்லை.

குலுக்கிப் போடாததும் நான்தான். முதல் வருடம் மணி அடித்ததும் இரண்டு வாசலிலிருந்தும் வந்த பிள்ளைகள் வராந்தாவில் மோதிக்கொண்டார்கள். ஒரு பையனுக்குப் பல் உடைந்தது. கிழக்கே வந்தவர்கள் கிழக்கு அறைக்கு, மேற்கே வந்தவர்கள் மேற்கு அறைக்கு என்று மாற்றினேன். நெரிசல் நின்றது. நிர்வாகக் குழுவில் இரண்டு காலனிக்காரர்களும் பாராட்டினார்கள். நான் அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். ஒரு பல்லுக்காகச் செய்தது இது.

சரி, நான் கட்டியதை நானே அவிழ்க்கிறேன் என்று திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் கலந்தேன். செவ்வாய் காலையில் இரண்டு வாசலிலும் பெற்றோர், பழையபடி பிரி என்று. அதுகூட எனக்கு அதிர்ச்சி இல்லை. புதன்கிழமை நடந்ததைக் கேள்.

உன் அண்ணன் செந்தில்வேல் இந்த வருடத் தலைவர். ரோச் அண்ணன் செயலாளர். ஒரு வருடம் அவர்கள், ஒரு வருடம் இவர்கள் என்று முறை வைத்திருக்கிறோமே, அந்த முறையைத் தவிர இருவருக்கும் பேச்சே கிடையாது. கூட்டத்தில் டீ வந்தால்கூட ஒருவர் குடித்து முடித்த பிறகுதான் மற்றவர் எடுப்பார். அந்த இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள் உமா. உன் அண்ணன் ஓட்ட, ரோச் அண்ணன் பின்னால், தோளைப் பிடித்துக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளைக் கலந்ததும் பெரியவர்களும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்தேன். காபி போடச் சொல்லி ஓடினேன்.

உன் அண்ணன்தான் ஆரம்பித்தார். “டீச்சர், நாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம். இந்த ஒரு விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு வேத்துமையும் கிடையாது, பாத்துக்கிடுங்க.”

“ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி.”

ரோச் அண்ணன் சொன்னார். “நடுவுல ஒரு சுவரு எழுப்பிருவோம். ரெண்டு ஸ்கூலா ஆக்கிருவோம். அங்கிட்டு ஒரு ஹெச்.எம்., இங்கிட்டு ஒரு ஹெச்.எம். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. நல்லபடியா பிரிஞ்சிரலாம்.”

“சண்டையே நடக்கலியே ரோச் அண்ணே?”

“நடக்கக் கூடாதுன்னுதான சொல்லுதோம்.”

இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். காபி வந்தது. ஒரே நேரத்தில் எடுத்தார்கள்.

பொங்கலுக்குப் பிறகு வரும் ஞாயிறு, 19ஆம் தேதி, பொதுக்கூட்டம். அதில் தீர்மானம். கட்டடத்தில் எதை மாற்றினாலும் அதை வரைந்தவர் கையெழுத்து வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் சுவருக்கு நீ ஒரு வரைபடம் போட்டு அனுப்ப வேண்டுமாம். “உமாகிட்ட நானே கேட்டுக்கிடுதேன்” என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பை அதுவரை பழையபடி பிரித்துவைக்கச் சொன்னார்கள். வைத்திருக்கிறேன்.

எதிர்த்து நிற்க ஒரு பக்கம் இருந்தால் இன்னொரு பக்கத்தோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்கும்போது நான் எங்கே போய் நிற்பது? இந்தப் பள்ளி இரண்டாகிவிட்டால் நாம் அலைந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

பிளாரன்ஸ்


ஓசூர்
15 டிசம்பர் 2024

பிளாரன்ஸ்,

அண்ணன் பேசினான். நலம் விசாரித்தான், மக்ரூன் அனுப்பட்டுமா என்றான். பிறகுதான் வந்தான் விஷயத்துக்கு.

“சின்னக் கோடுதானளா. ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது.”

“செல்விக்கு டயானாவைத் தெரியாதாமே அண்ணே?”

“எந்த டயானா?”

“ரோச் அண்ணன் மக.”

“அவருக்கு அந்த வயசுல மக இருக்காளா?” என்று கேட்டான். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியவில்லை. இரண்டரை வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்கள்.

செல்வியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அன்று வந்த பிள்ளைகளும் உன் சீருடைதானே போட்டிருந்தார்கள், அப்போதும் தெரியவில்லையா என்றேன். “எல்லா ஸ்கூல்லயும் நீலமும் வெள்ளையும்தான அத்தை?” என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

அண்ணனிடம் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். வெறும் முடியாது என்றால் கேட்க மாட்டான். சுவர் எழுப்பினால் எத்தனை அறையை இடிக்க வேண்டும், எந்தப் படிக்கட்டு போகும், எங்கே தண்ணீர்க் குழாய் அறுபடும் என்று காட்டினால் பயந்துவிடுவான் என்று பழைய வரைபடத்தை மேசையில் விரித்தேன். தெற்குச் சுற்றுச்சுவரிலிருந்து வடக்கே ஸ்கேலை வைத்தேன்.

எதுவும் இடியவில்லை பிளாரன்ஸ்.

கோடு வடிகாலின் மேலேயே போகிறது. மண்ணில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று நான் நேராக வெட்டிய வடிகால். கட்டடத்துக்குள் நூலகத்தின் நடுத் தூண்களில் போய்ச் சேர்கிறது. நூலகத்துக்கு இரண்டு கதவு, தீ விபத்து வந்தால் வெளியேற. ஒவ்வொரு பக்கமும் ஒரு படிக்கட்டு. கழிப்பறை இரண்டு பக்கமும். குடிநீர்க் குழாய் இரண்டு பக்கமும். வகுப்பறைகள் இரண்டு பக்கமும் சமம். ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டியதில்லை. சுவரை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். அதற்கான இடம் காத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்கேலை எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. வரையும்போது அந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் இரண்டு பள்ளிகளை வரைந்திருக்கிறேன். போன கடிதத்தில் வாசல்தான் என்னுடையது என்று எழுதினேனே, அதை அடித்துவிடு.

கோபப்பட்டு ஒரு பயனும் இல்லை. ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. கட்டடத்தை மாற்றத்தான் கூட்டமும் கையெழுத்தும் வேண்டும். எந்த அறையில் எந்த வகுப்பு என்பதை மாற்ற நீ போதும். பிள்ளைகளை வாசல் பார்த்துப் பிரிக்காதே. வகுப்பு பார்த்துப் பிரி. ஆறும் ஏழும் முழுக்க மேற்குப் பக்கம். எட்டு, ஒன்பது, பத்து முழுக்கக் கிழக்கே. மழைத்தண்ணீருக்குப் பெரிய பிள்ளைகள்தான் தாங்குவார்கள் என்று காரணம் சொல்லலாம், அது உண்மையும்கூட. அப்புறம் சுவர் வந்தால் அது இரண்டு காலனிக்கு நடுவில் வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் வரும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் செய். அண்ணன் கேட்ட சுவர் வரைபடத்தை நான் அனுப்புகிறேன். கையெழுத்தும் போடுகிறேன்.

இது தந்திரம். எனக்கே பிடிக்கவில்லை. அண்ணனை ஏமாற்றுகிறேன். நீ வேண்டாம் என்று எழுதினால் விட்டுவிடலாம்.

உமா


தூத்துக்குடி
10 ஜனவரி 2025

உமா,

வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸ் பூசையில் முன் வரிசையில் டயானாவைப் பார்த்தேன். எழுதவில்லை.

பள்ளி திறந்த அன்றே செய்துவிட்டேன். வேலவன் காலனியில் பெரிய பிள்ளைகள் இனி வடிகாலைத் தாண்டிக் கிழக்கே வர வேண்டும். சவேரியார் காலனியில் சின்னவர்கள் மேற்கே போக வேண்டும். ஒற்றைப் பலகை போதவில்லை, இன்னும் இரண்டு போட்டேன். “வெள்ளத்துக்காகவா டீச்சர்?” என்று ரோச் அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன். “எப்படியும் சுவரு வரப்போவுது, அதுவரைக்கும் எப்படி வேணும்னாலும் வைங்க” என்று போய்விட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் முதல் இரண்டு நாள் நடுவில் ஒரு வரிசை பெஞ்ச் காலியாகவே கிடந்தது. அங்கேயும் ஒரு வடிகால். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் வராத பாடவேளையில் ஜன்னலோரம் நின்று கேட்டேன். உன் செல்விதான்.

“ஏளா, உங்க மாதா கோயில் திருவிழாவுல பெரிய ராட்டினம் போடுவாங்கள்லா, அதுல நீ ஏறியிருக்கியா?”

“வருசா வருசம் ஏறுவேன். ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நாங்களுந்தான் வருசா வருசம் வாரோம். எங்கப்பா ஏற விட மாட்டாங்க. கீழ நின்னு பாப்பேன்.”

“அப்ப மேல இருந்து நான் பாத்த கூட்டத்துல நீயும் நின்னிருக்க.”

“எனக்குக் கையாட்டிருக்கலாம்லா?”

“ஒன்ன எனக்குத் தெரியாதே!”

இருவரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அந்த நடு பெஞ்சில் யார் முதலில் வந்து உட்கார்ந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அது நிறைந்திருந்தது.

உன் வரைபடம் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. உன் அண்ணன் அதை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
21 ஜனவரி 2025

உமா,

சுவர் இல்லை.

முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு காலனியும் ஒன்றாக வந்தால் ஹால் போதாது என்று மைதானத்தில் நாற்காலி போட்டோம். வடிகாலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தாமாகவே உட்கார்ந்தார்கள். உன் அண்ணன் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கை தூக்கச் சொல்லும் நேரம். கிழக்குப் பக்கம் கடைசி வரிசையில் ஆனி அக்கா எழுந்தாள். ஜெனிலாவின் அம்மா. மகள் போன பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள்.

“தலைவரே, எனக்கு ஒண்ணு வெளங்கல. எம்பையன் எட்டு. சின்னது ஆறு. அவன் கையப் பிடிச்சாத்தான் சின்னது வீட்ட விட்டே எறங்கும். இப்ப அது மேக்க படிக்கு, அவன் கிழக்க படிக்கான். சுவரு வந்தா நான் எதை எங்கன விட?”

ரோச் அண்ணன் சொன்னார். “ரெண்டையும் நம்ம கிழக்கு வாசல்லயே விடு ஆனி.”

“விட்டுட்டு? சின்னது சுவரேறிக் குதிக்கணுமா?”

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது மேற்குப் பக்கம் ஒரு பெண் எழுந்து, தனக்கும் ஏழு ஒன்று, பத்து ஒன்று என்றாள். பிறகு இன்னொருத்தி. அதற்குப் பின் யார் எந்தப் பக்கத்திலிருந்து பேசினார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. உன் அண்ணன் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் அவருக்குப் புரிந்துவிட்டது உமா. அந்தப் பார்வையை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன்.

“அப்ப கிளாஸப் பழையபடி மாத்துங்க டீச்சர்” என்றார்.

“மாத்த மாட்டேன் அண்ணாச்சி. எந்த வகுப்பு எங்கேன்னு தலைமையாசிரியர்தான் முடிவு பண்ணணும்னு நீங்க எழுதின விதி.”

“விதிய மாத்தலாம். தலைமையாசிரியரையும் மாத்தலாம்.”

ரோச் அண்ணன் தலையாட்டினார். அதிலும் இருவருக்கும் வேற்றுமை இல்லை.

சுவருக்குக் கை தூக்கியவர்கள் மிகக் குறைவு. அடுத்த கல்வியாண்டுக்கு வேறு தலைமையாசிரியர் என்று குழு தனியாக உட்கார்ந்து முடிவு செய்தது. ஆக ஏப்ரல் வரை நான். அழவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த நாற்காலிகளைப் பார்த்தேன். பேசிப் பேசி எழுந்து நகர்ந்ததில், வடிகாலுக்கு இரண்டு பக்கமும் தாறுமாறாகக் கிடந்தன. அப்போது கொஞ்சம் அழுதேன்.

பிளாரன்ஸ்


ஓசூர்
29 ஜனவரி 2025

பிளாரன்ஸ்,

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணி மட்டும் அவனுக்குத் தெரியாமல் பேசினாள்.

உன் வேலை என்னால்தான் போனது.

இன்னொன்று. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரியும். செல்விக்கு டி.சி. வாங்கிவிட்டானாம். தெரிந்தவர்களைப் பிடித்து, வருட நடுவில், டவுனில் ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டானாம். “இனி அந்த ஸ்கூல் வாசல எம்மவ மிதிக்க மாட்டா” என்றானாம். அண்ணி அழுகிறாள். ஒரு பிள்ளைகூட அந்தச் சாலையில் கால் வைக்கக் கூடாது என்று வரைந்தேனே. என் வீட்டுப் பிள்ளையே அந்தச் சாலையில் போகிறாள். நான் போட்ட கணக்கால் போகிறாள்.

எப்படிப் போகிறாள், பஸ்ஸிலா? பார்த்தாயா?

உமா


தூத்துக்குடி
7 பிப்ரவரி 2025

உமா,

பார்த்தேன். இன்று காலையில். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். உள்ளங்கையில் கட்டு, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. உன் அண்ணன் வந்த மறுநாளே ரோச் அண்ணனும் வந்து டயானாவின் டி.சி.யை வாங்கிக்கொண்டார். அவரும் டவுனில்தான் சேர்த்தார், கன்னியர் பள்ளியில். இருவரும் என் முன்னால் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைப் பேசினார்கள். டயானா மேசையில் தன் நூலகப் புத்தகத்தை வைத்துவிட்டு, “செல்வியும் போறாளாமே மிஸ்?” என்று மட்டும் கேட்டாள்.

காலை வணக்கத்துக்கு மாடியில் நின்றிருந்தேன். கீழே இப்போது வரிசைகள் வகுப்புவாரியாக நிற்கின்றன. பாட்டு நடந்துகொண்டிருந்தது. என் கண் ஏனோ தெற்கே போனது. துறைமுகச் சாலையில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள். அவற்றுக்கு ஓரமாக ஒரு சைக்கிள்.

டயானா மிதிக்கிறாள். கேரியரில் செல்வி.

சீருடை வேறு வேறு. ஒன்று பச்சை, ஒன்று கட்டம் போட்டது. இந்த முறை எந்த ஸ்கூல் என்று யாரும் கேட்கவே வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிகிறது. செல்வியின் ஒரு கை டயானாவின் இடுப்பைச் சுற்றி. இன்னொரு கையால் எதையோ காட்டிப் பேசுகிறாள். டயானா தலையைப் பின்னால் திருப்பிச் சிரிக்கிறாள். லாரி ஹாரன் அடிக்கிறது. திரும்பிச் சிரிக்கிறாள் உமா, லாரியைப் பார்க்காமல்.

ஜெனிலா போனதும் இப்படித்தான். முன்னால் எங்கள் பிள்ளை, பின்னால் உங்கள் பிள்ளை.

மைக் என் கையில் இருந்தது. “டயானா!” என்று கத்திவிட்டேன். கீழே பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாலை இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. மைக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். வரிசைகளுக்கு நடுவே, வடிகால் ஓரமாக, தெற்கே. சுற்றுச்சுவர் வரை ஓடிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அங்கே வாசல் கிடையாது. கிழக்கு வாசல் வழியாகச் சுற்றிப் போவதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். வாலிபால் கம்பத்தின் பக்கத்தில் கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, சுவருக்கு மேல் தலையை நீட்டினேன்.

அதற்குள் தாண்டிவிட்டிருந்தார்கள். செல்விதான் என்னைப் பார்த்தாள். அவளும் டயானாவும் அவர்களுடைய அப்பாக்கள் சேர்த்த பள்ளிகளுக்கு, இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே சாலையில், போய்க்கொண்டிருந்தார்கள். நான் கையை ஆட்டி, “இறங்கு, இறங்கி நட” என்று காட்டினேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, முழுக் கையையும் தூக்கி எனக்கு ஆட்டினாள். ராட்டினத்தின் மேலிருந்து ஆட்டுவதுபோல.

பிறகு ஒரு லாரி மறைத்தது. அது போனபின் வளைவில் சைக்கிள் தெரிந்தது. இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். அதுவரை நான் சுவரைப் பிடித்திருந்த இடத்தில் என் உள்ளங்கை கிழிந்திருந்தது.

மத்தியானமே இரண்டு அப்பாக்களுக்கும் போன் செய்தேன். என்னை வேலையைவிட்டு அனுப்பிய பிறகு நான் சொல்வதை ஏன் கேட்க வேண்டும், ஆனாலும் செய்தேன். உன் அண்ணன், “யாரு கூட? டயானா கூடயா?” என்றார். ரோச் அண்ணன் கேட்டதும் போனை வைத்துவிட்டார். சாயந்திரம் பள்ளி விட்ட நேரத்தில் பைக் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரே பைக். உள்ளே வரவில்லை. சாலையோரம் நிறுத்திவிட்டு, டவுன் பக்கம் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் நின்றிருந்தார்கள், பிள்ளைகள் வரும் வரைக்கும்.

அவர்கள் நாளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அந்தச் சைக்கிள் திரும்ப அதே சாலையில் போனால் நான் என்ன செய்வேன் என்பதும் தெரியாது. எனக்கு ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது.

நீ கிளம்பி வா. அண்ணன் பேசாவிட்டால் என் வீட்டில் தங்கிக்கொள். வரும்போது பழைய வரைபடத்தை எடுத்து வா. தெற்குச் சுவரில், சாலையைப் பார்த்து, ஒரு வாசல் போட வேண்டும். பிள்ளைகள் வெளியே போக அல்ல. அவர்களிடம் நாம் ஓடிப்போய்ச் சேர.

பிளாரன்ஸ்